குரங்கணிக்கு ஒரு மாலைப் பேருந்து வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் போடிநாயக்கனூரில் குடியிருக்கிறேன். சத்துணவு அமைப்பாளராக 37 வருடம் வேலை பார்த்து 2022-இல் ஓய்வு பெற்றேன். பிறந்தது மூணாறுக்கு மேலே, குண்டளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். பிறந்த இடத்துக்கும் வாக்கப்பட்ட ஊருக்கும் நடுவே ஒரு மலைப்பாதை இருக்கிறது. டாப் ஸ்டேஷன் என்ற மலை ஊரில் தொடங்கி, நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற ஊர் வழியாக, அடிவாரத்தில் இருக்கும் குரங்கணிக்கு இறங்கும் பாதை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டாப் ஸ்டேஷன் என்றதும் மூணாறு சுற்றுலாவில் கடைசியாகக் காட்டும் மலைமுனை என்றுதான் பலருக்கும் நினைவு வரும். கேரளாவிலிருந்து வண்டி வருவதால் அது கேரளா என்றே நினைத்துவிடுகிறார்கள். அந்த ஊர் நம் தேனி மாவட்டம், கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்தது. அங்கே குடியிருப்பவர்களுக்குத் தாலுகா அலுவலகம் போடியில் இருக்கிறது. நடந்தால் சுமார் 10 கிலோமீட்டரில் குரங்கணி, அங்கிருந்து 16 கிலோமீட்டர் பேருந்தில் போடி. நடக்க முடியாதவர்கள் மூணாறு போய், பூப்பாறை, போடிமெட்டு சுற்றி, 17 கொண்டை ஊசி வளைவும் இறங்கி போடிக்கு வர வேண்டும். கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். ஒரு சாதிச் சான்றிதழுக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

பாதையின் பெயர்களே அதன் கதையைச் சொல்லும். 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். மாடு இழுக்கும் வண்டி அதில் ஓடியது. 1908-இல் அதை எடுத்துவிட்டுச் சின்ன ரயிலே விட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டியில் போடி, அப்புறம் தூத்துக்குடித் துறைமுகம், அப்புறம் சீமை. மேலே இருந்தது டாப் ஸ்டேஷன், நடுவில் இருந்தது சென்ட்ரல் ஸ்டேஷன், கீழே இருந்தது பாட்டம் ஸ்டேஷன். 1924 வெள்ளத்தில் ரயில்பாதை அடித்துக்கொண்டு போனது. மூணாறில் வயசானவர்கள் அதைத் தொண்ணூத்தொன்பதாம் வெள்ளம் என்பார்கள், மலையாள வருடம் 1099-இல் வந்ததால். அதோடு ரயில் போனது. ஊர்ப் பெயரில் மட்டும் ஸ்டேஷன் தங்கிவிட்டது. டாப் ஸ்டேஷனில் அந்தக் காலத்துக் கட்டுமானத்தின் மிச்சத்தை இன்றைக்கும் பார்க்கலாம்.

பெட்டிகள் ரோப்வேயில் இறங்கின. ஆட்கள் நடந்து ஏறினார்கள். என் அம்மாச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், கல்யாணமான புதிதில் தலையில் ஒரு தகரப்பெட்டியோடு குரங்கணி வழியாக ஏறிப் போனவர். கொழுந்து கிள்ளப் போனவர்களில் எத்தனையோ பேர் இந்த வழியாகத்தான் மேலே போனார்கள். ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்ததாகவும், போடிப் பக்கத்துக் கண்மாய்கள் கண்ணில் தெரிகிற வரைக்கும் அழவில்லை என்றும், மேகம் மூடின பிறகுதான் அழுதேன் என்றும் அம்மாச்சி சொல்வார்.

நான் முதல் தடவை இறங்கியது 1971 சித்திரையில், ஒன்பது வயதில். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு அப்பா கூட்டிக்கொண்டு வந்தார். விடிவதற்கு முன்னால் பந்தம் கொளுத்திக்கொண்டு லயத்திலிருந்து ஒரு இருபது பேர் கிளம்பினோம். தம்பி அப்பா தோளில். அம்மா கையில் கட்டுச்சோறு. சென்ட்ரலுக்கு வரும்போது வெயில் பட ஆரம்பித்துவிட்டது. உச்சிப்பொழுதுக்கு முன்னால் குரங்கணி. அங்கிருந்து போடிக்கு மாட்டு வண்டி கிடைத்தால் மாட்டு வண்டி, லாரி கிடைத்தால் லாரி. அன்றைக்கு லாரி கிடைத்தது, மாங்காய் மூட்டை மேல் உட்கார்ந்து வந்தோம். மேலே இருக்கும்போது போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கீழே வந்ததும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. ஒரே காலைக்குள் மார்கழியிலிருந்து சித்திரைக்கு வந்து சேர்கிற பாதை அது.

கடைசியாக இறங்கியது 2018 பொங்கல் விடுமுறையில். நானும், தங்கச்சியும், அப்போது பன்னிரண்டு வயதான என் பேத்தியும். வனத்துறையில் முன்கூட்டியே கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு, சென்ட்ரல் ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகப் பேசி வைத்திருந்தோம். முந்தின நாள் போடியிலிருந்து பேருந்தில் மூணாறு போய், குண்டளையில் தங்கச்சி வீட்டில் தங்கினோம். மறுநாள் காலையில் மூணாறிலிருந்து வரும் பேருந்தைக் குண்டளையில் மறித்து ஏறினோம். எல்லப்பட்டி தாண்டி டாப் ஸ்டேஷன். இறங்கும்போது மணி ஒன்பதேகால்.

பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போகாதவர்களுக்கு அது காட்டு வழி என்றும் ஆபத்தென்றும் ஒரு பயம் இருக்கிறது. போனவர்கள் சிலர் அதை விளையாட்டாகப் பேசுகிறார்கள். இரண்டுமே சரியில்லை.

முதல் அரை மணி நேரம் சரிவு கடுமை. கால் விரலெல்லாம் செருப்பின் முனைக்கு வந்து முட்டும். காற்று இருந்துகொண்டே இருக்கும், ஒரு பக்கமாகத் தள்ளும். வழிகாட்டி முன்னால் நடந்தவர் நின்று, "அக்கா, குச்சிய ஊன்றிப் பக்கவாட்டுல கால வைங்க, நேரா வைக்காதீங்க" என்றார். அதற்கப்புறம் முழங்கால் வலி பாதியாகக் குறைந்தது. கீழே மேகம், மேகத்துக்குக் கீழே போடி. பேத்தி, "அம்மாச்சி, நம்ம வீடு எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குக் காட்டத் தெரியவில்லை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் என்று கையை நீட்டினேன். மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியோடு நின்று, புதுப்பாதை வேலை இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

அப்புறம் மரநிழல் வரும். சோலைக்குள் நுழைந்ததும் காற்றின் சத்தம் நின்றுபோகிறது. யாரோ கதவைச் சாத்திய மாதிரி இருக்கும். மண் ஈரமாக, கறுப்பாக, மெத்தென்று இருக்கும். மலையணில் ஒன்று கிளைக்குக் கிளை தாவிப் போனது, பூனை அளவு. காட்டுமாட்டுச் சாணம் பாதையிலேயே கிடந்தது, பழசு. வழிகாட்டி அதைக் குச்சியால் புரட்டிப் பார்த்து, "நேத்து ராத்திரி இல்ல, முந்தாநாள்" என்றார். இதைத் தெரிந்த ஆள் கூட இருக்கும்போது பயமில்லை. இல்லாதபோது அந்தச் சாணத்தைத் தாண்டி நடப்பவருக்குத் தான் எதைத் தாண்டுகிறோம் என்றே தெரியாது.

சென்ட்ரலுக்கு வரும்போது பதினொன்றரை. காப்பிச் செடி, மிளகுக் கொடி, நடுநடுவே வீடுகள். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். அந்த வீட்டுப் பெண் வரக்காப்பி போட்டுக் கொடுத்தார், கருப்பட்டி போட்டது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பேச்சுவாக்கில் கேட்டேன், உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு போவோம் என்றார். நாலு ஆள் தூக்க, நாலு ஆள் மாற்றி விட. பிரசவ வலி எடுத்தாலும் அதுதான். தேர்தல் வந்தால் ஓட்டு மெஷின் குதிரை மேல் ஏறி வருகிறது என்றார். சில மணி நேரத்தில் கடந்து போகிற எனக்கு அழகாகத் தெரிகிற பாதை, அவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோடு.

அதனால் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை வேண்டும் என்று அந்த மக்கள் வருடக்கணக்காகக் கேட்கிறார்கள். நடைப்பாதையில் ஆசை வைத்திருக்கும் நான், அவர்களுக்குச் சாலை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டோலியில் தூக்கிக்கொண்டு போவதை அழகு என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. சாலை வருமா, எப்போது வரும், காட்டுக்குப் பாதகம் இல்லாமல் எப்படி வரும் என்பதெல்லாம் பெரிய பேச்சு. நான் கேட்பது அதுவரைக்கும், அதற்கு அப்புறமும் செய்யக்கூடிய சின்ன விஷயம்.

சென்ட்ரலுக்குக் கீழே நிலம் மாறிவிடும். சோலை முடிந்து புல்சரிவு வரும். ஆள் உயரப் புல். தை மாதத்திலேயே பாதி காய்ந்து மஞ்சளாகிவிட்டது. நிழல் கிடையாது. பன்னிரண்டு மணி வெயில் பாறையில் பட்டு முகத்தில் அடிக்கும். எங்களிடம் இருந்த நாலு பாட்டில் தண்ணீரில் மூன்று இந்த ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. பேத்தி உட்கார்ந்துவிட்டாள். வழிகாட்டி பக்கத்தில் ஓர் ஊற்றுக்குக் கூட்டிப் போய் அவள் தலையில் தண்ணீர் ஊற்றினார். அந்த ஊற்று பாதையிலிருந்து முப்பது அடி தள்ளி, புல்லுக்குள் இருக்கிறது. உள்ளூர்க்காரர் காட்டாமல் யாருக்கும் தெரியாது. அதற்கப்புறம் இலவ மரமும் மாமரமும் வர ஆரம்பித்தன, தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. குரங்கணிக்குள் கால் வைக்கும்போது மணி இரண்டே முக்கால்.

போடி போகிற பேருந்து அதற்கு முன்னாலேயே போயிருந்தது. யார் மேலும் தப்பில்லை. அது அதன் நேரத்துக்குப் போய்விட்டது, நாங்கள்தான் நேரம் தெரியாமல் வந்தோம். நேரம் தெரிந்துகொள்ளப் பலகையும் இல்லை. அடுத்தது எப்போது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு நேரம் சொன்னார்கள். இருட்டுகிற வரைக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

இந்தப் பாதையின் பாதுகாப்பு பேருந்து நேரத்தில் இருக்கிறது.

விளக்கமாகச் சொல்கிறேன். டாப் ஸ்டேஷனில் காலை எட்டு மணிக்குள் இறங்கினால், வெயில் ஏறுவதற்கு முன்னால் புல்சரிவைக் கடந்துவிடலாம். பத்து மணிக்கு இறங்கினால் உச்சி வெயிலில் அதில் மாட்டிக்கொள்வோம். பன்னிரண்டு மணிக்கு இறங்கினால் குரங்கணிக்கு வர இருட்டிவிடும், காட்டுமாடு தண்ணீர் குடிக்க வரும் நேரம். கீழே கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று தெரியாதவன், அதைப் பிடிக்க ஓடுகிறான், குறுக்கே இறங்குகிறான், கால் தடுக்கி விழுகிறான். இல்லை என்றால் சொந்தமாக ஜீப் பிடித்து வருகிறான், அந்த ஜீப் எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கிருந்து நடக்கத் தொடங்குகிறான். காலையில் மேலே ஒரு பேருந்து, மாலையில் கீழே ஒரு பேருந்து, இரண்டின் நேரமும் இரண்டு ஊரிலும் எழுதி வைத்த பலகை. இது இருந்தால் நடப்பவர்கள் தானாகவே சரியான நேரத்தில் கிளம்புவார்கள், சரியான இடத்தில் இறங்குவார்கள்.

நாங்கள் இறங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை போடியில் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன். மலையில் புகை. வருடா வருடம் பார்க்கிற புகைதான் என்று நினைத்தேன். இருட்டின பிறகு ஆம்புலன்ஸ் சத்தம் நிற்கவே இல்லை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேற வந்து காட்டுத்தீயில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள். 20-க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். சிலர் அன்றே, சிலர் ஆஸ்பத்திரியில் நாள் கணக்கில் கிடந்து. குரங்கணி ஊர்க்காரர்களும் மலைவாழ் மக்களும்தான் முதலில் மேலே ஓடினார்கள். போர்வையில் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்களைக் கூட்டி வந்த வழிகாட்டியும் அதில் ஒருவர் என்று பிறகு தெரிந்தது. அவரைப் பார்த்தபோது அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

தீ வந்தது கொழுக்குமலையிலிருந்து இறங்கும் சரிவில், ஒத்தமரம் பக்கம். டாப் ஸ்டேஷன் பாதை வேறு. ஆனால் புல் ஒன்றுதான், வெயில் ஒன்றுதான். அதனால் எங்கள் பாதைக்குப் பயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் முன்னால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அதே வருடம் ஆவணி, புரட்டாசியில் மலை முழுக்க நீலக்குறிஞ்சி பூத்தது. பார்க்கப் போக மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை கொண்டுவந்தது. அது தேவைதான். 2024 அக்டோபரில் மாநிலம் முழுக்க 40 தடங்களை இணையத்தில் பதிவு செய்து போகிற மாதிரித் திறந்தார்கள். வழிகாட்டியாக உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இது நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். எங்கள் குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் தடமும் அந்த 40-இல் இருக்கிறது. ஆனால் போன இடத்திலிருந்து திரும்பி வருவது ஒரு மாதிரி, ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரில் பேருந்து ஏறுவது வேறு மாதிரி. டாப் ஸ்டேஷன் – குரங்கணி ஒருவழி நடையாகவே அந்தப் பட்டியலில் சேர வேண்டும். மேலே ஏற முடியாத என் வயதுக்காரர்கள்கூட மெதுவாக இறங்கிவிடலாம். கார் தேவையில்லை. கார் இருந்தாலும் இந்தப் பாதைக்கு உதவாது, நிறுத்தின இடத்துக்கு மறுபடி 100 கிலோமீட்டர் சுற்றித்தான் போக வேண்டும். பேருந்தில் வருகிறவர்களுக்கென்றே அமைந்த பாதை இது.

இணையப் பதிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பேத்திக்கு அது இரண்டு நிமிட வேலை. மூணாறு லயத்திலிருந்து போடியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு இறங்க நினைக்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அது முடியாது. குரங்கணிச் சோதனைச் சாவடியிலோ, போடியில் ஓர் அலுவலகத்திலோ நேரில் போய்ச் சீட்டு வாங்கும் வழியும் இருக்க வேண்டும். சென்ட்ரல், டாப் ஸ்டேஷன் ஊர்க்காரர்களுக்கும் அவர்கள் வீட்டுக்கு வருகிற சொந்தபந்தத்துக்கும் எந்தச் சீட்டும் கேட்கக் கூடாது. அது அவர்கள் ரோடு.

ஒவ்வொரு குழுவோடும் உள்ளூர் வழிகாட்டி கட்டாயம் இருக்க வேண்டும். எங்கே ஊற்று, எங்கே புல் அடர்ந்திருக்கிறது, தீ வந்தால் எந்தப் பாறைப் பக்கம் ஒதுங்குவது என்று அவர்களுக்குத்தான் தெரியும். மேலே எத்தனை பேர் கிளம்பினார்கள் என்பது கீழே தெரிய வேண்டும், கீழே எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்பது மேலே தெரிய வேண்டும். மாலைப் பேருந்து கிளம்பும்போது கணக்கு ஒத்துவரவில்லை என்றால் உடனே தேட ஆள் போகலாம். சத்துணவில் தினமும் தலை எண்ணித்தான் உலை வைப்போம். மதியம் ஒரு தட்டு மிஞ்சினால் எந்தப் பிள்ளை வரவில்லை என்று வாத்தியாரிடம் கேட்போம். அந்த அளவு கவனம் போதும். தீக்காலமான மாசி, பங்குனியில் முழுக்க மூடி வையுங்கள், யாரும் வருத்தப்பட மாட்டோம். தை பிறப்பதற்கு முன்னால் பாதையின் இரண்டு பக்கமும் புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். அந்த வேலைக்கும் ஊர் ஆட்களையே வைத்துக் கூலி கொடுக்கலாம்.

பேருந்து பற்றி மறுபடியும். போடியிலிருந்து அதிகாலையில் கிளம்பி, போடிமெட்டு, மூணாறு வழியாக டாப் ஸ்டேஷன் வரைக்கும் போகும் பேருந்து ஒன்று விட்டால் அந்த ஊர்க்காரர்களுக்கும் தாலுகா வேலை சுலபமாகும். இரண்டு மாநிலமும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், உடனே நடக்காது என்று எனக்குத் தெரியும். குரங்கணி விஷயம் அப்படி இல்லை. மாலை ஐந்து மணிக்குக் குரங்கணியிலிருந்து போடிக்கு ஒரு பேருந்து, வருடம் முழுக்க, நேரம் மாறாமல். அதுதான் நான் முதலில் கேட்பது. மலையேறுகிறவர்களுக்காக மட்டும் கேட்கவில்லை. ஏலக்காய்க் காட்டிலும் காப்பித் தோட்டத்திலும் வேலை முடித்து இறங்கும் பெண்கள் அந்த நேரத்தில்தான் குரங்கணிக்கு வருகிறார்கள். நாங்கள் அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஆறு பெண்கள் எங்களோடு காத்திருந்தார்கள். ஒருவர் மடியில் கைக்குழந்தை.

இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஜூன் 15-இலிருந்து போடிக்கு மறுபடி ரயில் ஓடுகிறது. 1928-இல் முதன்முதலில் வந்த ரயில், பன்னிரண்டு வருடத்துக்கும் மேலே நின்று கிடந்து, இப்போது சென்னையிலிருந்தே நேராக வருகிறது. முதல் நாள் ஸ்டேஷனில் பூ தூவ நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். வெளியூர்க்காரர்கள் இனி கார் இல்லாமல் போடி வரைக்கும் வரலாம். வந்து இறங்கியவர்களைக் குரங்கணிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க நேரத்துக்கு ஒரு பேருந்து இல்லையென்றால், மறுபடியும் ஜீப்புக்காரரைத்தான் பிடிக்க வேண்டும்.

என் பேத்தி இப்போது மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் வந்திருந்தபோது, "அம்மாச்சி, இன்னொரு தடவை இறங்குவோமா? அந்த ஊற்று அங்கயே இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூப்பது. அடுத்தது 2030. அப்போது எனக்கு 68 வயதாகும். அதற்கு முன்னால் ஒரு தடவை, பூக்கும்போது ஒரு தடவை, ஆக இரண்டு தடவை இறங்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை மாவட்ட நிர்வாகத்திலும் வனத்துறையிலும் போக்குவரத்துத் துறையிலும் இருப்பவர்கள் யாராவது படித்தால், ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தைக்கு முன்னால் பாதையில் புல் அறுக்க ஊர் ஆட்களைக் கூட்டுகிற நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். அன்று 50 பேருக்குச் சாம்பார் சாதமும், முட்டையும், உருளைக்கிழங்குப் பொரியலும் என் பொறுப்பு. பெரிய பாத்திரம் வீட்டிலேயே இருக்கிறது. காலை முதல் பேருந்தில் குரங்கணிக்கு ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.